‘இல்லை’ என்ற விடையையும் காத்தல்: வெப்பேக் 5-இன் சார்புத் தேடலும் கேஷும் குறித்த நிகழ்வு ஆய்வு

ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் கருவி வெப்பேக். 2020 அக்டோபர் 10 அன்று வெளிவந்த வெப்பேக் 5, ஒரு பில்டில் (அவ்வாறு கட்டும் ஓர் ஓட்டத்தில்) செய்துமுடித்த வேலையை வட்டில் எழுதிவைத்து, கருவி நின்று மீண்டும் தொடங்கிய பின்பும் அதை எடுத்துப் பயன்படுத்தும் வசதியை, அதாவது வட்டுக் கேஷை, தன்னுள்ளேயே கொண்டுவந்தது. இரண்டாவது பில்டு முதல் பில்டைவிட மிக விரைவாக முடிகிறது என்பதே பயனர்கள் கண்ட பலன். எனினும், விடைகளைச் சேமிப்பது இந்த வேலையின் எளிய பாதி என்றே நான் கருதுகிறேன். சேமித்த விடையை எந்த நொடியிலிருந்து நம்பக்கூடாது என்பதைக் கருவி தானாகவே அறிந்துகொள்ள வேண்டியதுதான் கடினமான பாதி. அதிலும் கோப்புகளைத் தேடிக் கண்டறியும் பகுதியில் அந்தக் கடினம் பலமடங்காகிறது. நான்காம் பதிப்பிலிருந்து ஐந்தாம் பதிப்புக்கு வந்தபோது இந்தச் சிக்கல் எவ்வாறு கையாளப்பட்டது, எங்கே இன்னும் ஓட்டை இருக்கிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

ஒரு இம்போர்ட் வரிக்குப் பின்னால் நடப்பது

‘சோர்ஸ்/பேஜஸ்’ என்ற கோப்புறையில் உள்ள ஒரு கோப்பு, ‘./ஃபார்மட்’ என்பதை இம்போர்ட் செய்கிறது (தன் பயன்பாட்டுக்கு அழைக்கிறது) என்று கொள்வோம். எழுதியவருக்கு அது ஒரே வரி. கருவிக்கோ அது அடுக்கடுக்கான கேள்விகளின் தொடக்கம். முதலில், இந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு (ஒரே பெயரில் வழங்கப்படும் கோப்புத் தொகுப்புக்கு) உரியது என்று அறிவதற்காக ‘பேஜஸ்’ கோப்புறையில் அதன் விவரக் கோப்பான ‘பேக்கேஜ்.ஜேசன்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ‘சோர்ஸ்’ கோப்புறையில், அங்கும் இல்லையென்றால் அதற்கு மேலே. பிறகு ‘ஃபார்மட்’ என்ற பெயரிலேயே நீட்டிப்பு இல்லாத கோப்பு உள்ளதா, ‘ஃபார்மட்.டிஎஸ்’ உள்ளதா, ‘ஃபார்மட்.ஜேஎஸ்’ உள்ளதா என்று கருவியின் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் கொடுத்துள்ள வரிசைப்படி பார்க்க வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை இருந்து அதனுள் ‘இண்டெக்ஸ்’ கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் கிடைத்த கோப்பு ஒரு சிம்லிங்க் என்றால், அது சுட்டும் உண்மையான இடம் எது என்று பாதையின் ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்க வேண்டும்.

புள்ளியில் தொடங்காமல் ஒரு பேக்கேஜின் பெயரை மட்டும் கொண்ட இம்போர்ட் இதைவிட நீளமானது. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் வகுத்த விதிப்படி, அழைக்கும் கோப்பு உள்ள கோப்புறையிலிருந்து வேர்க் கோப்புறை வரை ஒவ்வொரு படியிலும், நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறை இருக்கிறதா என்று மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். நோட் 12.7 முதல் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற புலமும் சேர்ந்துகொண்டது. அதன் நிபந்தனைகளின்படி, ஒரே பேக்கேஜ் பெயர் இம்போர்ட் வழியாக அழைக்கப்பட்டால் ஒரு கோப்பையும், பழைய அழைப்பு முறையான ரெக்வயர் வழியாக அழைக்கப்பட்டால் வேறொரு கோப்பையும் தரலாம். ஆகவே பெயரை மட்டும் சாவியாக வைத்து விடையைச் சேமித்தால் அது முதல் நாளிலேயே தவறாகிவிடும். யார் அழைத்தார், எந்த முறையில் அழைத்தார், எந்த விதிகளின் கீழ் தேடினோம் என்பவையும் சாவியில் இடம்பெற வேண்டும்.

அளவு புரிவதற்காக ஒரு கணக்கு: 2,000 கோப்புகள், ஒவ்வொன்றிலும் 10 இம்போர்ட்டுகள், ஒவ்வொரு தேடலிலும் இயங்குதளத்திடம் 6 கேள்விகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,20,000 கேள்விகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இயங்குதளம் தரும் விடை ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்பதே. நீட்டிப்புகளின் வரிசை இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெப்பேக்கின் சொந்த வரலாறே சான்று. நான்காம் பதிப்பின் இயல்பு வரிசை ‘.வாஸ்ம்’, ‘.எம்ஜேஎஸ்’, ‘.ஜேஎஸ்’, ‘.ஜேசன்’ என்று இருந்தது. நீட்டிப்பு எழுதாத ஒவ்வொரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் இம்போர்ட்டும் இந்த வரிசையில் மட்டும் இரண்டு ‘இல்லை’களைக் கடந்த பிறகே தன் கோப்பை அடைந்தது. ஐந்தாம் பதிப்பில் ‘.ஜேஎஸ்’ முதலிடத்துக்கு வந்தது.

நான்காம் பதிப்பின் நிலை

நான்காம் பதிப்பில் ‘ரிசால்வ்.அன்சேஃப்கேஷ்’ என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருந்தது. ஒரு தேடலுக்கு ஒருமுறை கிடைத்த விடை நினைவகத்தில் இருத்தப்பட்டு, அதே கேள்வி மீண்டும் வந்தபோது எந்தச் சரிபார்ப்பும் இன்றித் திருப்பித் தரப்பட்டது. பாதுகாப்பற்றது என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட அமைப்பு அது. அதை உருவாக்கியவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. அந்தக் கேஷ் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. கருவியை நிறுத்தினால் அதுவும் மறைந்தது. கோப்பு மாறும்போதெல்லாம் தானே பில்டு செய்யும் கண்காணிப்பு முறையில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு எப்போதாவது பழைய கோப்பு வந்து சேர்ந்தால், அவர் கருவியை நிறுத்தி மீண்டும் தொடங்குவார். தவறு தானாகவே நீங்கிவிடும்.

வட்டில் எழுதப்படும் கேஷுக்கு இந்த மன்னிப்பு கிடையாது. மறுதொடக்கம் அதன் தவறை நீக்காது. மாறாக, ஒவ்வொரு முறையும் அதே தவறான விடையை வட்டிலிருந்து விசுவாசமாக எடுத்துத் தரும். நான்காம் பதிப்பின் காலத்தில் வட்டு சார்ந்த கேஷை வெளியிலிருந்து பொருத்தும் முயற்சிகள் பல நடந்தன. கோப்புகளை மாற்றித் தரும் லோடர்களுள் ஒன்றான பேபல் லோடர் தன் விளைவுகளை ‘நோட்_மாட்யூல்ஸ்/.கேஷ்’ கோப்புறையில் எழுதியது. கேஷ்-லோடர், தனக்குப் பின்னால் வரும் லோடர்களின் விளைவுகளைச் சேமித்தது. ஹார்டு-சோர்ஸ் என்ற ப்ளக்இன் (கருவியோடு இணையும் கூடுதல் நிரல்), மாட்யூல்களையே, அதாவது செயலாக்கி முடித்த கோப்புகளையே, முழுமையாகச் சேமிக்க முயன்றது. முதல் இரண்டும் குறுகிய வேலையை எடுத்துக்கொண்டதால் அதை நன்றாகச் செய்தன. ஆனால் கோப்பைத் தேடும் செலவை அவை தொடவே இல்லை. மூன்றாவது பெரிய வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கு வேண்டிய தகவல்கள் பல கருவியின் உள்ளே இருந்தபடியால் வெளியிலிருந்து அவற்றைச் சேகரிப்பது எளிதாக இருக்கவில்லை.

இல்லாத கோப்பும் ஒரு சார்பே

மேலே சொன்ன ‘./ஃபார்மட்’ இம்போர்ட்டுக்கு மீண்டும் வருவோம். திட்டம் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது, ‘.டிஎஸ்’ வரிசையில் முன்னே, ‘.ஜேஎஸ்’ பின்னே. இன்று ‘ஃபார்மட்.ஜேஎஸ்’ மட்டுமே இருக்கிறது. தேடல் அதைக் கண்டறிந்து சேமிக்கிறது. நாளை ஒருவர் பழைய கோப்பை நீக்காமல் அதன் அருகிலேயே ‘ஃபார்மட்.டிஎஸ்’ என்ற புதிய கோப்பை எழுதிவைக்கிறார். இப்போது சேமித்த விடை செல்லுமா என்று கேஷைக் கேட்டால், அது ‘ஃபார்மட்.ஜேஎஸ்’ மாறியிருக்கிறதா என்று பார்க்கும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அழைத்த கோப்பும் மாறவில்லை. எனவே விடை செல்லும் என்று சொல்லும். கேஷ் இல்லாத புதிய பில்டோ ‘ஃபார்மட்.டிஎஸ்’-ஐ எடுக்கும். ஒரே மூலக்குறிப்பிலிருந்து இரண்டு கணினிகளில் இரண்டு வெவ்வேறு விளைவுகள் பிறக்கின்றன. இத்தகைய பிழையைத் தேடிக் களைவதைப் போல ஒரு நிரலாளரின் நேரத்தை விழுங்குவது வேறொன்றும் இல்லை.

இந்தத் தவறு எங்கே நுழைந்தது என்று கவனித்தால், விடையாக வந்த கோப்பை மட்டும் சார்பாக (விடை நம்பியிருக்கும் ஒன்றாக) பதிவு செய்த இடத்தில்தான். அந்த விடை, ‘ஃபார்மட்.டிஎஸ் இல்லை’ என்ற உண்மையின் மேலும் நின்றுகொண்டிருந்தது. அந்த உண்மை பொய்யானபோது விடையும் விழுந்திருக்க வேண்டும். இதே வடிவத்தில் வேறு பல நிகழ்வுகளும் உண்டு. உள் கோப்புறை ஒன்றில் புதிதாக ஒரு ‘நோட்_மாட்யூல்ஸ்’ தோன்றி, மேலே இருந்த பேக்கேஜின் வேறொரு பதிப்பை முன்னிறுத்தலாம். அல்லது ‘பேஜஸ்’ கோப்புறையில் யாராவது ஒரு சிறு ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பை வைத்து, அந்தக் கோப்புறைக்கு மட்டும் ‘டைப்’ புலத்தையோ ‘சைடுஎஃபெக்ட்ஸ்’ புலத்தையோ மாற்றலாம். இவை எவற்றிலும் பழைய கோப்பு எதுவும் மாறுவதில்லை. இல்லாத ஒன்று பிறக்கிறது, அவ்வளவே.

வெப்பேக் 5-இன் தேடல் கேஷ் இதை நேராக எதிர்கொள்கிறது. ஒவ்வொரு தேடலும் தன் விடையோடு மூன்று பட்டியல்களைக் கொண்டுவருகிறது: படித்த கோப்புகள், உள்ளடக்கம் பார்க்கப்பட்ட கோப்புறைகள், தேடியும் கிடைக்காத பாதைகள். மூன்றும் சேர்ந்து ஒரு ஸ்னாப்ஷாட்டாக (அந்நேர நிலையின் பதிவாக) விடையின் அருகில் எழுதப்படுகின்றன. கிடைக்காத பாதைக்கு அதிகம் எழுதவேண்டியதில்லை. அப்போது அது இருந்ததா இல்லையா என்ற ஒரே குறிப்பு போதும். அடுத்த பில்டில் விடையைத் தருவதற்கு முன் அந்த ஸ்னாப்ஷாட் இன்னும் உண்மையா என்று பார்க்கப்படுகிறது. ‘இல்லை’ என்று குறித்த பாதையில் இப்போது ஏதாவது இருந்தால் விடை தள்ளப்பட்டு, தேடல் முதலிலிருந்து நடக்கிறது. ஒரே கேள்வியைப் பல கோப்புகள் ஒரே நேரத்தில் கேட்டால், முதல் தேடல் முடியும்வரை மற்றவை காத்திருந்து அதே விடையைப் பெற்றுக்கொள்கின்றன என்பதும் இதே இடத்தில் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு.

சரிபார்ப்பதற்கும் செலவு உண்டு

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வியை எழுப்புவார். தேடலின்போது 1,20,000 கேள்விகள் கேட்டோம். இப்போது அந்த விடைகளை நம்பலாமா என்று அறிய அதே 1,20,000 பாதைகளையும் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தால், கேஷினால் என்ன மிச்சம்? இக்கேள்விக்கு வெப்பேக் 5 தரும் விடையின் முதற்பகுதி பகிர்வு. ஒரே கோப்புறையிலிருந்து எழும் தேடல்கள் பெரும்பாலும் ஒரே பாதைகளைத் தொடுகின்றன; அப்பொதுப் பகுதி தனி ஸ்னாப்ஷாட்டாகப் பிரிக்கப்பட்டு, பல தேடல்களால் பகிரப்படுகிறது. அது ஒருமுறை சரிபார்க்கப்பட்டால் அதைச் சார்ந்த அனைத்துக்கும் போதும்.

இரண்டாம் பகுதி ஒரு துணிச்சலான அனுமானம். ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையை, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பேக்கேஜ் மேலாளரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை என்று வெப்பேக் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு பேக்கேஜுக்குள் உள்ள ஒவ்வொரு கோப்பையும் பார்க்கத் தேவையில்லை, அதன் ‘பேக்கேஜ்.ஜேசன்’ சொல்லும் பெயரும் பதிப்பு எண்ணும் மாறாதவரை உள்ளே எதுவும் மாறவில்லை, அங்கே இல்லாதிருந்தவை இன்றும் இல்லை. பெரும்பாலான திட்டங்களில் மிகப் பெரிய கோப்புறை ‘நோட்_மாட்யூல்ஸ்’தான் என்பதால், ஆயிரக்கணக்கான கேள்விகள் பேக்கேஜுக்கு ஒன்றாகச் சுருங்குகின்றன. யார்ன் என்ற பேக்கேஜ் மேலாளரின் பிஎன்பி முறையில் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. அதன் கேஷ் கோப்புறையில் இருப்பவை மாறாதவை என்றே கொள்ளப்படுகின்றன. நான்காம் பதிப்பில் எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவாக இருந்த பாதுகாப்பற்ற கேஷ், ஐந்தாம் பதிப்பில் இயல்பாக ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் மட்டும் நிறுத்தப்பட்டதற்கும் இந்த அனுமானமே அடிப்படை. நிரலாளர் நாள்தோறும் கைவைக்கும் கோப்புகளுக்கு முழுச் சரிபார்ப்பு, பேக்கேஜ் மேலாளர் ஆளும் இடத்துக்குச் சுருக்கமான சரிபார்ப்பு என்ற இந்தப் பிரிவினை மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. அது உடையும் இடத்தைப் பின்னர் பார்ப்போம்.

நேரமும் ஹாஷும்

ஒரு கோப்பு மாறியதா என்று அறிய இரண்டு வழிகள் உள்ளன. அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கேட்பது மலிவானது. உள்ளடக்கத்தை முழுவதும் படித்து ஹாஷ் (அதிலிருந்து பிறக்கும் சுருக்கக் குறி) கணக்கிடுவது நம்பகமானது. நிரல் எழுதும்போது பயன்படும் வளர்ச்சி முறையில் வெப்பேக் 5 நேரத்தை மட்டும் இயல்பாகப் பார்க்கிறது. பயனர்களுக்கு வெளியிடுவதற்கான தயாரிப்பு முறையில் நேரத்தோடு ஹாஷையும் வைத்துக்கொண்டு, நேரம் மாறியிருந்தால் மட்டும் ஹாஷை ஒப்பிடுகிறது. தயாரிப்பு பில்டு பெரும்பாலும், மாற்றங்களைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ சேவையகத்தில் நடக்கிறது. மூலக்குறிப்பின் பதிப்புகளைக் காக்கும் கிட், கோப்புகளின் மாற்ற நேரங்களைச் சேமித்துவைப்பதில்லை. புதிதாக எடுக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பும் எடுத்த நேரத்தையே தன் மாற்ற நேரமாகக் காட்டும். நேரத்தை மட்டும் நம்பினால், ஒரு வரிகூட மாறாத திட்டம் அங்கே முழுவதும் மாறியதாகத் தோன்றும். கேஷை இறக்கிவைத்தும் பயன் இருக்காது.

நேரத்தில் இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. எல்லாக் கோப்பு முறைமைகளும் நேரத்தை ஒரே துல்லியத்தில் குறிப்பதில்லை. ஃபேட் முறைமை 2 நொடி இடைவெளியிலும், எச்எஃப்எஸ் பிளஸ் 1 நொடி இடைவெளியிலும் குறிக்கின்றன. கோப்பைப் படித்த அதே நொடிக்குள் அது மீண்டும் மாற்றப்பட்டால், இரண்டு மாற்றங்களுக்கும் ஒரே நேரம் பதிவாகி, இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெப்பேக் 5 தொடக்கத்தில் துல்லியம் 2,000 மில்லிநொடி என்றே கொள்கிறது; படிக்கும் கோப்புகளின் நேரங்களில் நுண்ணிய இலக்கங்களைக் கண்டால், துல்லியம் அதைவிட மேல் என்று உணர்ந்து அந்த எண்ணைப் படிப்படியாக 1 வரை குறைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிக்குள் மாறிய கோப்பை அது நம்புவதில்லை. முன்கூட்டியே சந்தேகப்பட்டு, சான்று கிடைத்த அளவுக்கு மட்டும் நம்பிக்கையைக் கூட்டும் இந்தச் சில வரிகள், இந்தக் கருவியின் மூலக்குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கருவியே மாறும்போது

இதுவரை பேசியது பில்டுக்குள் வரும் கோப்புகள் பற்றி. பில்டை நடத்தும் கான்ஃபிக் கோப்பு, லோடர்கள், ப்ளக்இன்கள், வெப்பேக்கின் சொந்த மூலக்குறிப்பு ஆகியவை மாறினாலும் பழைய விளைவுகள் செல்லாது. இதற்காகவே ‘பில்டுடிபென்டன்சீஸ்’ என்ற அமைப்பு உள்ளது. அதில் கான்ஃபிக் கோப்பைக் குறிப்பிட்டால், அது அழைக்கும் மற்ற கோப்புகளையும் வெப்பேக் தானே பின்தொடர்ந்து, அனைத்தையும் ஹாஷ் வழியாகக் காக்கிறது. அவற்றில் ஒன்று மாறினால் முழுக் கேஷும் கைவிடப்படும்.

முழுக் கேஷையும் கைவிடுவது பெரிய இழப்பு என்பதால் இங்கே ஒரு கூடுதல் கவனம் எடுக்கப்பட்டுள்ளது. கருவியின் கோப்புகளைத் தேடிய ஸ்னாப்ஷாட் பொய்யாகிவிட்டால் உடனே கேஷைத் தூக்கி எறியாமல், தேடலை மட்டும் மீண்டும் நடத்தி, புதிய விடை பழைய விடையோடு ஒத்திருக்கிறதா என்று வெப்பேக் பார்க்கிறது. சான்று மாறியும் தீர்ப்பு மாறாதிருந்தால் கேஷ் தப்பிக்கிறது.

சூழல் மாறிகள், கட்டளை வரியில் தரும் மதிப்புகள் போன்ற கோப்பல்லாத உள்ளீடுகளை இவ்வமைப்பு அறிய வழியில்லை. அவை விளைவைப் பாதிக்குமானால், ‘கேஷ்.வெர்ஷன்’ என்ற மதிப்பில் அவற்றை எழுதுபவரே சேர்க்க வேண்டும். வட்டுக் கேஷ் இயல்பாக இயங்காமல், பயனர் கேட்டால் மட்டும் இயங்கும்படி வைக்கப்பட்டதன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது: தன் பில்டு எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்தவருக்கே இது பாதுகாப்பானது.

வேறு பாதைகளில் சென்றவர்கள்

இச்சிக்கலுக்கு இது ஒன்றே தீர்வு அன்று. இதே வகைக் கருவியாக 2017 டிசம்பரில் வெளியான பார்சல் தொடக்கத்திலிருந்தே வட்டுக் கேஷை இயல்பாக வைத்திருந்தது; அதன் இரண்டாம் பதிப்பு, ‘இந்தப் பெயரில் கோப்பு பிறந்தால் இந்த விடை செல்லாது’ என்று பதிவு செய்யும் வசதியை ப்ளக்இன் எழுதுபவர்களுக்கே திறந்துவிட்டது. இன்னொரு கருவியான இஎஸ்பில்ட் வட்டுக் கேஷையே வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கோப்புறையின் பட்டியலையும் ஒருமுறை படித்துக்கொண்டு, ‘இருக்கிறதா’ என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பட்டியலிலிருந்தே விடை தருகிறது. ‘இல்லை’ என்று அறிய அங்கே தனியாக இயங்குதளத்திடம் போக வேண்டியதில்லை. வேலையைச் சேமிப்பதற்குப் பதிலாக வேலையையே மலிவாக்கும் இந்த வழியில், பழைய விடையை நம்பி ஏமாறும் ஆபத்தே எழுவதில்லை. கோ மொழியில் எழுதப்பட்டதால் கிட்டிய வேகம் அதைச் சாத்தியமாக்கியது.

அனுமானம் உடையும் இடம்

வெப்பேக் 5-க்கு மாறும் குழுக்கள் கவனமாக இருக்கவேண்டிய இடங்களுள் முதலாவது, மேலே சொன்ன துணிச்சலான அனுமானமே. பிழை ஒன்றைத் தேடும்போது ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் போய் ஒரு வரியை மாற்றிப் பார்ப்பது பலருடைய வழக்கம். பதிப்பு எண் மாறாததால் அந்த மாற்றத்தைக் கேஷ் காணாது. பேட்ச்-பேக்கேஜ் போன்ற கருவிகள் செய்வதும் இதுவே: பேக்கேஜை நிறுவிய பின் அதன் கோப்புகளைத் திருத்துகின்றன, பதிப்பு எண் பழையபடியே இருக்கிறது. ‘ஸ்னாப்ஷாட்.மேனேஜ்டுபாத்ஸ்’ அமைப்பை வெற்றுப் பட்டியலாக்கினால் அனுமானம் நீங்கும். ஆனால் அதோடு அது தந்த சேமிப்பும் நீங்கிவிடும்.

லோடர்களிடமும் இதே ஓட்டை உண்டு. ஒரு லோடர் வேறொரு கோப்பைப் படித்துவிட்டு அதைத் தெரிவிக்காமல் விட்டால், அந்தக் கோப்பு மாறியதை அறிய வெப்பேக்குக்கு வழியே இல்லை. கோப்பு ஒன்றைத் தேடி, கிடைக்காததால் இயல்பு மதிப்புகளோடு தொடரும் லோடர் இன்னும் ஆபத்தானது. ‘இல்லை’ என்ற விடையையும் அது தெரிவித்தாக வேண்டும், அதற்கான ‘ஆட்மிஸ்ஸிங்டிபென்டன்சி’ என்ற செயல்கூறும் இருக்கிறது. சொந்தமாக லோடர் எழுதியுள்ள குழுக்கள், வட்டுக் கேஷை இயக்குவதற்கு முன் இந்த ஒன்றையாவது சரிபார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

சிஐ சேவையகத்தில் வேறு இரண்டு தடைகள் காத்திருக்கின்றன. கேஷ் இயல்பாக ‘நோட்_மாட்யூல்ஸ்/.கேஷ்/வெப்பேக்’ கோப்புறையில் எழுதப்படுகிறது. ‘என்பிஎம் சிஐ’ கட்டளையோ ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையை முழுவதும் நீக்கிவிட்டே நிறுவத் தொடங்கும். ஆகவே கேஷ் கோப்புறையை வெளியே ஓரிடத்தில் வைத்து, ஓட்டங்களுக்கு இடையே தனியாகச் சேமித்து எடுத்துவர வேண்டும். அடுத்து, கேஷுக்குள் வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வொரு ஓட்டத்திலும் திட்டம் ஒரே பாதையில் இருந்தாக வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு புதிய பெயரில் கோப்புறை உருவாக்கும் சேவையகத்தில் கேஷ் பிழை எதுவும் காட்டாது, பயன்படாமலேயே கிடக்கும்.

திருத்தப்பட்ட பேக்கேஜ்களுக்கான தீர்வு, வேறொரு கருவியைப் பார்த்தால் தெளிவாகிறது. வீட் என்ற கருவி, சார்புகளை முன்கூட்டியே கட்டி ‘நோட்_மாட்யூல்ஸ்/.வீட்’ கோப்புறையில் வைக்கிறது. அது இன்னும் செல்லுமா என்று முடிவு செய்ய, நிறுவிய பதிப்புகளைப் பதிவு செய்யும் லாக் கோப்பின் உள்ளடக்கம், கான்ஃபிக் கோப்பின் தொடர்புடைய புலங்கள், வளர்ச்சியா தயாரிப்பா என்று குறிக்கும் ‘நோட்_என்வி’ மதிப்பு ஆகியவற்றோடு, பேக்கேஜ்களில் செய்யும் திருத்தங்களைக் கொண்ட பேட்ச் கோப்புகள் உள்ள கோப்புறை மாற்றப்பட்ட நேரத்தையும் பார்க்கிறது. வெப்பேக் 5-இல் இதையே செய்ய, பேட்ச் கோப்புகளைப் படித்து ஒரு ஹாஷ் கணக்கிட்டு, அதைக் ‘கேஷ்.வெர்ஷன்’ மதிப்பில் சேர்க்கும் சில வரிகளைக் கான்ஃபிக் கோப்பில் எழுதினால் போதும். பேட்ச் மாறிய அன்று முழுக் கேஷும் புதிதாகக் கட்டப்படும். மற்ற நாள்களில் பேக்கேஜுக்கு ஒரு கேள்வி என்ற சிக்கனம் அப்படியே தொடரும்.